போகாத துறைமுகத்து ரசீதுகள்

கடற்படையின் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் மொத்தம் ஒன்பது ஜன்னல்கள். ஏழு எப்போதும் மூடியே கிடக்கும். எட்டாவதில் தபால்தலையும் மனுத்தாளும் விற்பார்கள். மனு கொடுக்க வந்தவன் பாடு நாலாம் ஜன்னலோடுதான். அந்த ஜன்னலுக்கு முன்னால் லெப்டினன்ட் பதினாலாவது தடவையாக வந்து நின்றபோது, உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே, "இன்னும் வரலை சார்" என்றார். என்ன வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இருவருக்கும் அந்த அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

முதல் மூன்று தடவை சீருடையில் போனார். சீருடையைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சீருடைக்காரர்கள்தான் என்பது போய் நின்ற பிறகுதான் உறைத்தது. நாலாவது தடவையிலிருந்து சாதாரண சட்டை.

கடற்படை அதிகாரி என்றதும் மீசையும் விறைப்புமாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இவர் ஒல்லி. வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வயதில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் ஆளாகச் சேர்ந்தவர். பெயிண்ட் அறையில் எத்தனை டப்பா இருக்கிறது என்று இவர் எழுதி ஒட்டியிருந்த தாளை ஒரு கேப்டன் பார்த்துவிட்டு, "இது யாரு கையெழுத்து?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் இவர் பிழைப்பு மாறியது. வரைபட அறைக்கு மாற்றினார்கள். பரீட்சை மேல் பரீட்சை எழுதி, முப்பத்தாறு வயதில் அதிகாரி ஆனார். கப்பலில் பட்டப்பெயர் 'அச்சு'. எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

அந்த எழுத்துக்காகவே கப்பல் பதிவேடு அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு மணிக்கும் கப்பல் எங்கே இருந்தது, காற்று எப்படி, எஞ்சின் எப்படி என்று எழுதிவைக்கும் தடித்த புத்தகம் அது. அதில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருக்கும் எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் கேப்டன் அன்றைய பக்கத்தில் ஒப்பமிடுவதற்குள். அதற்குப் பிறகு பக்கம் பக்கம்தான், யார் வந்தாலும் மாற்ற முடியாது. ஐந்து வருஷத்தில் இவர் போட்ட கோடுகள் இரண்டே இரண்டு. அதில் ஒரு பெருமை இருந்தது மனிதருக்கு. பெருமைப்பட வேறு அதிகம் இல்லாதவருக்கு அதுவும் இல்லாமல் எப்படி?

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஒரு ரகசியப் பயணம் போனது. என்ன ரகசியம் என்று லெப்டினன்டுக்கு இன்றுவரை தெரியாது. டீசலும் மாவு மூட்டையும்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் உத்தரவு உத்தரவுதான்: வழியில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அதன் பெயர் பதிவேட்டில் ஏறக் கூடாது. அந்தப் பயணத்தில் எஞ்சின் அறையில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. எதிரில் நின்ற மெக்கானிக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்துபோனது. அவர் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். அன்றைக்குத்தான் அவர் குரல் கப்பல் முழுக்கக் கேட்டது.

பக்கத்தில் இருந்தது வேறொரு நாட்டுத் துறைமுகம். கேப்டன் கப்பலைத் திருப்பினார். ஆறு மணி நேரம்தான் நிற்கலாம் என்று மேலிடத்துக் கட்டளை. கேப்டன் லெப்டினன்டின் தோளில் கை வைத்து, "நீ கூட இறங்கு. ஆகுற செலவைப் பண்ணு. ஊருக்கு வந்ததும் வாங்கிக்கலாம்" என்றார். இறங்குவதற்கு முன் லெப்டினன்ட் என்ன செய்தார் தெரியுமா? கடமை தவறாத மனிதர், அன்றைய பக்கத்தை முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டு இறங்கினார். 'ஆறு மணி நேரம், நடுக்கடலில், எஞ்சின் பழுதுபார்ப்புக்காக நின்றோம்.' அச்சடித்த மாதிரி எழுத்து. அடியில் கையெழுத்து.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பணம் கட்டினால்தான் கட்டில். இவர் கையில் இருந்தது டாக்ஸிக்கே போய்விட்டது. வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒன்பது வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு இரண்டு அறை ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். மிச்சத்தை அடுத்த வருஷக் கடைசிக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஃபிளாட்டும் போகும், முன்பணமும் போகும். அந்த மிச்சப் பணம்தான் வங்கியில் கிடந்தது.

"எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டார் மனைவி.

"தெரியலை. அவருக்கு ரொம்ப மோசமா இருக்கு."

"எடுத்துக்கோங்க. திரும்ப வந்துடும்ல?"

"கவர்ன்மென்ட் பணம். எங்க போயிடப் போகுது?"

கப்பல் நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது; லெப்டினன்ட் பதினோரு நாள் மெக்கானிக்கின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் நர்ஸ் ஒருத்தி, கொஞ்சம் தேறிவிட்டார், நினைவு திரும்பியதும் எழுந்து நடக்கப் பார்க்கலாம் என்று சைகையில் சொன்னாள். இவர் ஓடிப்போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். மெக்கானிக்குக் கடைசிவரை நினைவு திரும்பவில்லை. பதினோராம் நாள் இறந்துபோனார். பெட்டிக்கு, விமானத்துக்கு, இறக்கித் தூக்கினவர்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் லெப்டினன்ட்தான் கொடுத்தார். கணக்குப் போட்டால் அவருடைய பதினான்கு மாதச் சம்பளம். ஒரு துண்டுச் சீட்டு விடாமல் ரசீது வாங்கி வைத்திருந்தார்.

ஊருக்கு வந்து ரசீதுகளை அடுக்கி நாலாம் ஜன்னலில் நீட்டினார். நாலாம் ஜன்னல்காரர் கெட்டவர் இல்லை. எப்போதும் ஜலதோஷம் பிடித்த மூக்கு, மேஜையில் ஒரு கோந்துப் பாட்டில், அதைக் கவிழ்க்காமல் ஃபைல் எடுக்கும் லாகவம். ரசீதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பாஷை?"

மொழிபெயர்த்து, முத்திரை குத்தி வாங்கி வந்தார் லெப்டினன்ட். அந்தச் செலவு சொந்தச் செலவு.

அடுத்த தடவை போனபோது ஜன்னல்காரர் பதிவேட்டின் நகலை விரித்து வைத்திருந்தார். "சார், ரசீதுல இருக்கிற தேதியில கப்பல் அந்த ஊருக்கே போகலையே."

"போச்சு. நான்தான் இறங்கினேன்."

"பதிவேட்டுல நடுக்கடல்னு இருக்கு."

"அது உத்தரவு. அப்படித்தான் எழுதச் சொன்னாங்க."

"அந்த உத்தரவைக் காட்டுங்க."

"ரகசிய உத்தரவுங்க. எப்படிக் காட்டறது?"

ஜன்னல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இது யாரு கையெழுத்து?"

ஒரு காலத்தில் இவரைத் தூக்கிவிட்ட கேள்விதான். இப்போது லெப்டினன்ட் அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்து, "என்னோடது" என்றார்.

"கப்பல் போகலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. போச்சுன்னு நீங்களே மனு கொடுக்கறீங்க. நான் எந்த உங்களை நம்பறது சார்?"

கேப்டனுக்குக் கடிதம் எழுதினார். கேப்டன் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: 'மேற்படி பயணம் குறித்துப் பதிவேட்டில் உள்ளதே என் வாக்குமூலம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.' தோளில் கை வைத்த அதே மனிதர்தான். லெப்டினன்டின் பதினோரு நாளும் 'சொந்த விடுப்பு' என்று கழிக்கப்பட்டிருந்தது. மெக்கானிக்கின் ஃபைலில் இறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. ஒரு மனிதன் எங்கேயும் சாகாமல் செத்துப்போயிருந்தான்.

இப்படியே அலையாய் அலைந்தார். கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் எல்லாம் நாலாம் ஜன்னல். வீட்டில் மனைவி, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஃபிளாட்டின் கடைசித் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். "பேசாம உங்க எழுத்து கோழிக் கிறுக்கலா இருந்திருக்கலாம்" என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னார். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் இருவருமே சிரிக்கவில்லை.

பதினாலாவது தடவைதான் ஒரு வழி பிறந்தது. 'இன்னும் வரலை' என்றவர், லெப்டினன்ட் நகராமல் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தார். மனுஷன் முகத்தில் என்ன கண்டாரோ, ஜன்னலுக்குள் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், கப்பலைப் பிடிச்சுத் தொங்கினா இது நடக்காது. கப்பலை விட்டுடுங்க. ஆள் இறந்தது உண்மை. நீங்க அவருக்காகப் பணம் கட்டினது உண்மை. அது போதும். இந்த பாரத்துல ஒரே வரி எழுதுங்க. 'சக பணியாளருக்கு நான் தனிப்பட்ட முறையில் கொடுத்த கைமாற்று.' இதுக்குத் துறைமுகம் வேண்டாம், உத்தரவு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பணம் வந்துடுமா?"

"மூணு மாசத்துல."

லெப்டினன்ட் எழுதினார். வழக்கம்போல அச்சடித்த மாதிரி. பணம் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. கப்பல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள், எண்ணி வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இருபத்துமூன்று வருஷப் பழக்கம் ஒரு ஜன்னலுக்கு முன்னால் மட்டும் போய்விடுமா? அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், சத்தியம் செய்ய மாட்டேன்.

மனைவி மட்டும் கேட்டார். "கைமாற்றா? அவருக்கா? அவருக்குத்தான் நினைவே இல்லையே?"

"அது சும்மா ஒரு வார்த்தை. பாரத்துக்கு ஒரு பேர் வேணும்ல."

சொன்ன மாதிரியே பணம் வந்தது. வட்டம் போட்ட தேதிக்கு ஒன்பது நாள் முன்னால். மனைவி வங்கியிலிருந்து போன் செய்து, பேச்சு வராமல், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று இரண்டு தடவை சொன்னார். மறுநாளே ஃபிளாட்டுக்குக் கட்டிவிட்டார்கள். புது வீட்டில் ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது, குழாயில் முதல் பக்கெட் செம்மண் நிறத்தில்தான் வரும். இருந்தாலும் சொந்த வீடு. லெப்டினன்ட் நாலாம் ஜன்னல்காரருக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக்கின் மனைவி வந்தார். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை அவருக்கு. பெட்டி வந்து இறங்கிய அன்று லெப்டினன்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களே, அது போதும்" என்று சொன்னவர். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பழைய வீட்டுக்குப் போய், அங்கே விசாரித்து, இங்கே வந்திருந்தார். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஆபீஸ் பாஷை எனக்குப் புரிய மாட்டேங்குது. அவர் பணம் வந்துச்சு. ரெண்டு மெஷின் வாங்கி வீட்டுலயே போட்டுக்கலாம்னு இருந்தேன், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு. ஆனா வந்தது சொன்னதுல கால்வாசிகூட இல்லை. இதுல என்னமோ பிடிச்சிருக்காங்க. இவர் யாரோ ஒரு ஆபீசர்கிட்ட கடன் வாங்கியிருந்தாராம். இவர் அந்த மாதிரி ஆள் இல்லை சார். கடைசியில நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. அந்த ஆபீசர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

லெப்டினன்ட் தாளை வாங்கிப் படித்தார். இறந்தவருக்குச் சேர வேண்டிய தொகை ஒரு பக்கம். கழித்த தொகை ஒரு பக்கம். அதன் கீழே அவர் நாலாம் ஜன்னலில் கொடுத்த பட்டியல், வரி பிசகாமல். ஆஸ்பத்திரி, மருந்து, பெட்டி, விமானம், ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. சமையலறை வாசலில் தண்ணீர்த் தம்ளரோடு நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"நான்தாம்மா அது" என்றார் லெப்டினன்ட்.

அந்த அம்மாவுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கோபம் வரும் என்று இவர் காத்திருந்தார். வந்திருந்தால் தேவலை. அந்த அம்மா, "அவர் கேட்டாரா?" என்றார்.

"இல்லைம்மா. அவருக்கு நினைவே இல்லை. கடன் இல்லை அது. கப்பல் செலவு. அவங்க தரலை. கைமாற்றுன்னு எழுதினாத்தான் கிடைக்கும்னாங்க. உங்க பணத்துல பிடிப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அவர் கேட்கலை இல்லையா?"

"கேட்கலை."

"அதுதான் தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்" என்றார் அந்த அம்மா. தாளை வாங்கி மறுபடி நாலாக மடித்தார். அப்புறம், "செருப்புன்னு போட்டிருக்கே, வாங்கினீங்களா?"

"வாங்கினேன். நடப்பாருன்னு சொன்னாங்க."

"அது எங்க?"

அது எங்கே என்று லெப்டினன்டுக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கும். மெக்கானிக்கின் மனைவி தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்; குடிக்காமல் போனால் இவர்கள் மனசு கஷ்டப்படும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக லெப்டினன்ட் நாலாம் ஜன்னலில் நின்றார். "அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டிடறேன். மாசா மாசம் என் சம்பளத்துல பிடிச்சு அந்தம்மாவுக்கு அனுப்புங்க."

ஜன்னல்காரர் அவர் கொடுத்த பேனாவைத்தான் கையில் வைத்திருந்தார். "எதுக்குன்னு எழுதறது சார்?"

"கைமாற்று இல்லைன்னு எழுதுங்க. தப்பா எழுதிட்டேன்னு எழுதுங்க."

"கைமாற்று இல்லைன்னா வேற என்ன?"

"கப்பல் செலவு."

"அப்ப கப்பல் அந்த ஊருக்குப் போயிருக்கணுமே" என்றார் ஜன்னல்காரர். நக்கலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "உங்க பாரத்தைக் கோடு போட்டுத் திருத்த முடியாது சார். மேல ஒப்பம் ஆயிடுச்சு. அந்தம்மாவும் முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஃபைலை மூடியாச்சு. எனக்கு முன்னாடியே தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? எங்க பிடிப்பாங்கன்னு எனக்கு மட்டும் தெரியுமா? அது மாடியில."

மாடிக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைக் கொடுப்பது ஒன்பதாம் ஜன்னல். அது மூடியிருந்தது.

மனைவிதான் சொன்னார், ஆபீஸை விடுங்க, நாமே கொடுத்துடலாம் என்று. ஃபிளாட்டை விற்கலாம் என்றால் ஐந்து வருஷத்துக்கு விற்கக் கூடாது என்று பத்திரம். ஆகவே மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நாலு வருஷத்தில் தீர்ந்துவிடும். கணக்கு டீச்சர் தாளில் போட்டுக் காட்டினார். சம்பளம் வந்த அன்றே முதல் தவணையை ஒரு உறையில் போட்டு, இருவருமாக மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனார்கள்.

ஒற்றை அறை. கயிற்றில் காயும் இரண்டு புடவை. மூலையில் மெஷின் வைப்பதற்காக ஒதுக்கிய இடம் காலியாக இருந்தது; சுவரில் பிளக் பாயின்ட்கூட வைத்தாகிவிட்டது. அந்த அம்மா இருவரையும் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றார். லெப்டினன்ட் உறையை நீட்டி, மாதா மாதம் இப்படிக் கொண்டுவந்து கொடுப்போம், முழுசும் தீரும்வரை, யாரிடமும் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று தடுமாறிச் சொல்லி முடித்தார்.

மெக்கானிக்கின் மனைவி உறையையே பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. பிறகு புடவைத் தலைப்பில் போய் ஒளிந்துகொண்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை, ரோஷம் இல்லை, வெறும் பயம்தான் இருந்தது.

"வேண்டாம் சார்" என்றார். "இதை நான் வாங்கிட்டா, நாளைக்கு எதுல இருந்து பிடிப்பாங்க?"